புயற்கரைக் கட்டடங்களைத் தேடி நான்கு நாட்கள்: பெங்களூரிலிருந்து புறப்படும் ஒரு சுற்றுலாச் சேவை பற்றிய மதிப்பீடு

பணம் கட்டிய மறுநாள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த 24 பக்கக் கையேட்டில் "புயல்" என்ற சொல் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. கட்டடங்களை விவரிக்கும் பக்கங்களில் அது இல்லை. கடைசிப் பக்கத்தில், பயணத்தை ரத்து செய்வது பற்றிய விதிகளில் ஐந்தாவதாக வந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் பயணம் தள்ளிவைக்கப்படும், கட்டிய தொகை அடுத்த பயணத்துக்கு மாற்றிக்கொள்ளப்படும், திருப்பித் தரப்படாது. வங்கக் கடலோரத்தின் தற்காலக் கட்டடக் கலையைக் காட்டுவதாகச் சொல்லி நான்கு நாட்களுக்கு ஆளுக்கு 26,500 ரூபாய் வாங்கும் ஒரு சேவை, அந்தக் கரையின் தலையாய உண்மையைக் கணக்குவழக்கு விதிகளுக்குள் ஒதுக்கிவைத்திருந்தது எனக்கு உறுத்தியது. ஆயினும் போனேன். போனதற்காக வருந்தவில்லை என்பதையும், மனக்குறை தீரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பிறந்த ஊர் கடலூர் முதுநகர். பெங்களூருக்கு வந்து 31 ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் 27 ஆண்டுகள் கட்டமைப்புப் பொறியாளராக வேலை பார்த்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓய்வு பெற்றேன். ஆகவே எல்லோரும் கட்டடத்தின் முகத்தைப் பார்க்கும்போது அதன் மூட்டுகளைப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இந்த மதிப்பீட்டைப் படிப்பவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரே ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு இளைஞர்கள் சிலர் நடத்தும் சிறிய நிறுவனத்தின் பெயரைக் கெடுப்பது நியாயமாகாது. இத்தகைய பயணங்களில் பணம் போட நினைப்பவர்கள் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நான் கண்ட நிறையும் குறையுமே போதும்.

ஜனவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கத்துக்கு அருகே விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஏறினோம். 12 இருக்கை கொண்ட டெம்போ டிராவலர். பயணிகள் ஒன்பது பேர், வழிகாட்டி, ஓட்டுநர். வண்டி சுத்தமாக இருந்தது. ஓட்டுநர் தருமபுரிக்காரர், நிதானமானவர். கிருஷ்ணகிரியில் சிற்றுண்டி, பிறகு ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி. வழிகாட்டியாக வந்தவர் கட்டடக் கலை படித்த இளம்பெண். நன்றாகப் படித்திருக்கிறார், பார்த்தும் இருக்கிறார். ஆனால் வண்டியில் பாதிப்பேருக்கு மேல் தமிழர்களாக இருந்தும் முதல் நாள் முழுவதும் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டு வந்தார். இரண்டாம் நாள் காலை நான் கேட்டுக்கொண்டபின் தமிழுக்கு மாறினார். மாறியதும் அவருடைய பேச்சில் இருந்த பாடப்புத்தக வாடை போய்விட்டது. திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்று சொல்ல ஆரம்பித்தபோது அவருக்கே கட்டடங்கள் இன்னும் நெருக்கமாகத் தெரிந்தன என்று எனக்குத் தோன்றியது.

உடன் வந்தவர்களில் ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்த ஒரு தம்பதி, மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தாற்போல் மனை வாங்கியிருந்தார்கள். அதில் எப்படிப்பட்ட வீடு கட்டலாம் என்று பார்க்கவே இந்தப் பயணம். செங்கத்தைத் தாண்டும்போது கணவர், "சார், பெங்களூரில் கட்டுற வீட்டுக்கும் அங்கே கட்டுறதுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்டார். கையேடு சொல்லாமல் விட்டதைச் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. கட்டடத்தின் மீது காற்று செலுத்தும் விசையைக் கணக்கிடுவதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி. அதில் பெங்களூருக்குக் குறிக்கப்பட்டுள்ள அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர். சென்னை, புதுச்சேரிக் கரைக்கு 50 மீட்டர். மணிக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 119 கிலோமீட்டர், 180 கிலோமீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், ஒரு சதுர மீட்டர் சுவரின் மீது இங்கே 65 கிலோ எடைக்குச் சமமாக விழும் விசை அங்கே 150 கிலோவைத் தாண்டிவிடும். கூரையில் நடப்பது இதற்கு நேர்மாறு. காற்று பெரும்பாலும் கூரையை அழுத்துவதில்லை. உறிஞ்சி மேலே இழுக்கிறது, அதிலும் ஓரங்களிலும் மூலைகளிலும்தான் மிகுதியாக இழுக்கிறது. காற்று வரும் பக்கத்து ஜன்னல் ஒன்று உடைந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து கூரையைத் தள்ளத் தொடங்கிவிடும். தம்பதி இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. வழிகாட்டி தம் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

புதுச்சேரியின் முதல் மாலை கடற்கரைச் சாலையில். இங்கே மேரி கட்டடத்தைக் காட்டினார்கள். பிரெஞ்சுக் காலத்து நகரமன்றமான அது, பல ஆண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று கனமழையில் இடிந்து விழுந்தது. அதே முகத்தோடு, அதே தூண் வரிசையோடு புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். ஆகையால் இப்போது நிற்பது பழைய உருவில் உள்ள புத்தம் புதிய கட்டடம். அதைத் தற்காலக் கட்டடக் கலையில் சேர்ப்பதா, நகல் என்று தள்ளுவதா என்று வழிகாட்டி எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி. எங்களோடு வந்த மாணவர்கள் இருவரும் நகல் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, அது திரும்பக் கிடைத்திருக்கிறது. கேட்க வேண்டியது, பழையதை இடியவிட்ட அந்தக் கசிவும் அலட்சியமும் புதியதிலும் நுழையாமல் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான். இந்த வாதத்துக்கு 20 நிமிடம் ஒதுக்கினார்கள். அதற்குப் பிறகு வெள்ளை நகரத்தின் கடைகளுக்கும் காபி விடுதிகளுக்கும் இரண்டரை மணி நேரம் ஒதுக்கப்பட்டது.

அந்த இரண்டரை மணி நேரத்தை நான் கரையில் கழித்தேன். எல்லோரும் உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ளும் அந்தக் கருங்கல் அணையைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். 1980-களின் இறுதியில் தெற்கே புதிய துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புகள் அந்த மணலை மறித்தன. வடக்கே இருந்த நகரக் கடற்கரையும் அதற்கு அப்பால் இருந்த மீனவக் குப்பங்களும் அரிக்கப்பட்டன. கல்லைக் கொட்டிக் காப்பாற்றிய இடத்துக்கு வடக்கே அரிப்பு இன்னும் தள்ளிப்போனது. அண்மை ஆண்டுகளில் கடலுக்குள் இறக்கிய செயற்கைத் திட்டு ஒன்றின் பயனாக ஒரு துண்டு மணற்கரை திரும்பியிருக்கிறது. பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் அலையில் இடிந்து விழுந்தது. கடலோரத்தில் கட்டுமானம் என்பதன் பொருளை இந்த ஒரு கிலோமீட்டர் நடை சொல்லித்தரும். அதற்குக் கட்டணமும் இல்லை.

இரண்டாம் நாள் முழுவதும் ஆரோவில். இந்தச் சேவை தன் கூலிக்கு உரிய வேலையைச் செய்த நாள் இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பார்வையாளர் மையத்தில் தொடங்கினார்கள். சுஹாசினி அய்யரின் வடிவமைப்பில், அழுத்தி உருவாக்கிய மண்கற்களால் எழுந்த இந்த மையத்துக்கு 1992-இல் ஹசன் ஃபாதி விருது கிடைத்தது. செம்மண்ணோடு சுமார் ஐந்து விழுக்காடு சிமெண்ட் சேர்த்து, கையால் இயக்கும் அழுத்து இயந்திரம் கொண்டு இறுக்கி, சூளையில் சுடாமல் நீர் தெளித்துப் பதப்படுத்திய கற்கள் இவை. விறகும் வேண்டாம், சூளைப் புகையும் வேண்டாம். மண் காலடியிலேயே கிடைக்கிறது. மண் வேலைக்கெனத் தனியே இயங்கும் ஆரோவில் மண் நிறுவனத்தின் வழியாக இந்த முறை நாட்டின் பல பகுதிகளுக்குப் போயிருக்கிறது. வழிகாட்டி இங்கே அருமையாகப் பேசினார். வளைவு ஏன் கம்பியில்லாமல் நிற்கிறது என்பதைக் கைகளைக் கோத்துக் காட்டி விளக்கியபோது ஓட்டுநர்கூட வண்டியை விட்டுவிட்டு வந்து கேட்டார்.

"மழையில் கரையாதா?" என்று அந்த அம்மையார், மரக்காணம் மனைக்காரர், கேட்டதற்கு மட்டும் விடை சுருக்கமாக முடிந்துவிட்டது. கரையாது, கலந்திருக்கும் சிமெண்ட் பிடித்துக்கொள்ளும் என்றார் வழிகாட்டி. உண்மைதான். ஆனால் இந்தக் கட்டடங்களில் கூரை சுவரைத் தாண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது, சுவர் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் தொடங்குகிறது, மழைத்தண்ணீர் எங்கே விழுகிறது என்பதையும் சுட்டிக்காட்டியிருக்க வேண்டும். மண்சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் வேண்டும் என்று எங்கள் ஊர் மேஸ்திரிகள் சொல்வார்கள். நெட்டுக்கு விழும் மழை மண்சுவருக்குப் பகையில்லை. புயலில் கிடையாக அடிக்கும் மழைதான் பகை. அதை இந்தக் கட்டடங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எப்படிச் சமாளித்து நிற்கின்றன என்பதே அங்கே பார்க்க வேண்டிய பாடம்.

ஆரோவிலின் நடுவே உள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரின் உள்ளறைக்கு முன்பதிவு வேண்டும். அதை நிறுவனம் முன்கூட்டியே செய்துவைத்திருந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவர்களுடைய ஒழுங்கைக் குறை சொல்ல இடமில்லை. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சே வடிவமைத்த இதற்கு 1971 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. வேலை முடிந்தது 2008-இல். 36 மீட்டர் விட்டமும் 29 மீட்டர் உயரமும் கொண்ட, சற்றே தட்டையான கோளம், நான்கு பெருந்தூண்களின் மேல் நிற்கிறது. உள்ளே வெண்பளிங்கு அறை, நடுவில் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒளி ஊடுருவும் கண்ணாடிக் கோளம், அதன் மேல் கூரையிலிருந்து இறக்கப்படும் ஒற்றைச் சூரியக் கதிர். வெளிச்சத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் விட்டுவிடுகிறேன். வெளியே வந்தபின் எனக்கு நினைவில் நின்றது வேறு: மூலையே இல்லாத அந்த வடிவம். காற்று மிகுதியாகப் பிடித்திழுப்பது மூலைகளையும் விளிம்புகளையும்தான் என்று முதல் நாள் வண்டியில் சொன்னேன் அல்லவா, அந்தக் கணக்குக்கு இவ்வளவு பெரிய, இவ்வளவு அமைதியான விடை ஒன்று எதிரே நின்றது. வடிவமைத்தவர் மனத்தில் புயல் இருந்ததா என்பது வேறு விஷயம். மாணவர்களில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய் இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார்.

பகல் உணவு சோலார் கிச்சனில். கூரை மேல் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் வெயிலைத் திரட்டி நீராவி உண்டாக்கி, அதில் சமைக்கிறார்கள். சாம்பார் சாதாரணம், பப்பாளி நன்றாக இருந்தது.

பிற்பகல், கட்டடக் கலைஞர் அனுபமா குண்டூவின் "சுவர் வீடு" (வால் ஹவுஸ்) என்னும் வீட்டை வெளியிலிருந்து பார்த்தோம். 2000-இல் முடிந்த இந்த வீட்டில் பயன்பட்டது இந்த வட்டாரத்தின் மெல்லிய அச்சுக்கல். சூளையிலிருந்து வரும்போதே ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் இருக்கும் அந்தக் கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கி, நெடுஞ்சுவரை எழுப்பியிருக்கிறார். 2012-இல் வெனிஸ் கட்டடக் கலைக் கண்காட்சியில் இதே வீட்டை முழு அளவில் மறுபடி கட்டிக் காட்டினார்கள். நம் பக்கத்துக் கொத்தனார்களும் அங்கே போய் வேலை செய்தார்கள். இந்தச் செய்தியைக் கேட்டதும் ஓட்டுநர், "அந்தக் கல்லை நாங்க வேணாம்னு விட்டுட்டோமே" என்றார். அந்த நாளின் மிகச் சிறந்த விமர்சனம் அதுதான்.

திரும்பி நடக்கும்போது இரண்டு பக்கமும் காடு. இது 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது செம்மண் பொட்டலாகக் கிடந்த மேட்டுநிலம்; நட்டு வளர்த்த மரங்கள் இவை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது இங்கே மரங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. மேற்கே பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் ஒரே இரவில் போயின. மறுநாள் பெங்களூரிலிருந்து புறப்பட்ட நான், விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி முதுநகர் போய்ச் சேர நடுநிசி ஆகிவிட்டது. அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வீட்டின் ஓட்டுக் கூரையில் ஓரத்து இரண்டு வரிசை மட்டும் இல்லை. நடுவில் ஓர் ஓடுகூட அசையவில்லை. அதுவரை கணக்குப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த படத்தை எங்கள் வீட்டுக் கூரையில் பார்த்தேன். ஆரோவிலில் இந்தக் கதையைச் சொல்லக்கூடியவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரோடு அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்திருந்தால் அந்த நாளுக்குக் குறையே இருந்திருக்காது.

மூன்றாம் நாள் காலை கோல்கொண்டே. கையேட்டில் "கோல்கொண்டே விஜயம்" என்று ஒரு முழுப் பக்கம். நாங்கள் பார்த்ததோ தெருவிலிருந்து தெரிந்த மதிலையும், அதற்கு மேல் எழுந்த பலகணி வரிசையையும். அது ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி. அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது, அவர்கள் அப்படி வைத்திருப்பது முற்றிலும் சரி. அனுமதி வாங்காமல் "விஜயம்" என்று அச்சடித்ததுதான் தவறு. இந்தப் பயணத்துக்கு நான் பெயர் கொடுத்ததற்கு முதற்காரணமே அந்தப் பக்கம். வழிகாட்டி மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்க வேண்டியதில்லை, அலுவலகத்தில் உட்கார்ந்து அதை எழுதியவர் கேட்டிருக்க வேண்டும்.

தெருவில் நின்றபடியே அவர் சொன்னவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் வேலை பார்த்த அன்டோனின் ரேமண்ட் வரைந்தது. ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்டிசெக் சாமரும் இங்கேயே தங்கிக் கட்டினார்கள். ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி பெற்றுத்தந்த நிதியால் எழுந்ததால் கோல்கொண்டா நினைவாக இந்தப் பெயர். 1937-இல் வேலை தொடங்கியபோது கம்பி போட்ட கான்கிரீட்டில் இப்படியொரு கட்டடத்தை இந்த நாட்டில் எவரும் கட்டியிருக்கவில்லை. கண்ணாடி ஜன்னலே கிடையாது. முகப்பின் நீளம் முழுவதும் திருப்பி மூடக்கூடிய கிடைப்பலகைகள். காற்று வேண்டும்போது திறக்கலாம், சாரல் அடிக்கும்போது சாய்க்கலாம். தட்டைக் கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள் இன்னொரு கூரையாக நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே காற்று ஓடி வெப்பத்தைக் கொண்டுபோகும். தரை கடப்பா கல். அறைகளுக்கு இழுத்து மூடும் தேக்குக் கதவுகள். குளிர்சாதனம் இன்றுவரை இல்லை.

இத்தனைக்கும் கடல் சில நூறு மீட்டர் தொலைவில்தான். தானே, 2020-இன் நிவர், 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய 2024 நவம்பரின் ஃபெங்கல் என்று எல்லாவற்றையும் பார்த்தபின்பும், தெருவிலிருந்து தெரிந்த அளவில் கான்கிரீட்டில் ஒரு துரு ஒழுக்குக்கூட என் கண்ணில் படவில்லை. அதே தெருவில், வயதில் அதற்குப் பேரன் ஆகக்கூடிய ஓர் அடுக்குமாடியின் பால்கனிக்கு அடியில் காரை பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. இந்த இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி அந்த இடம் அமைந்திருந்தும், எல்லோருடைய கேமராவும் ஒரு பக்கமே திரும்பியிருந்தது. கோல்கொண்டே அப்படி நிற்பதற்கு வரைந்தவர்களின் திறமை பாதிக் காரணம். நாள்தோறும் துடைத்து, தேய்த்து, பழுது பார்த்து வருகிற ஆசிரமத்துக் கைகள் மறுபாதி.

பிற்பகலில் புதுச்சேரிக்குத் தெற்கே, பெரிய கட்டடக் கலைஞர் ஒருவர் வடிவமைத்த தனியார் கடற்கரை வீட்டைப் பார்ப்பதாகத் திட்டம். வீட்டுக்காரர்கள் கடைசி நேரத்தில் மறுத்துவிட்டார்கள் என்று மதியச் சாப்பாட்டின்போது சொன்னார்கள். மூன்று மணி நேரம் வெறுமையாகிவிட்டது. மீண்டும் கடைத்தெருவுக்குப் போகும் பேச்சு எழுந்தது. கடலூர் மாவட்டத்தில், எனக்கு உறவுக்காரர்கள் உள்ள ஒரு மீனவ ஊரில் அரசு கட்டிய புயல் பாதுகாப்பு மையம் இருக்கிறது, அதைப் பார்க்கலாமே என்றேன். மாணவர்களின் முகத்தில் ஆர்வம் இல்லை என்பதை மறைக்க மாட்டேன். வழிகாட்டி ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சரி என்றார். இந்தப் பயணத்தில் அவர் எடுத்த மிக நல்ல முடிவு அது.

மையம் அழகில்லாதது. மஞ்சள் சாயம், தடித்த தூண்கள், குறுகிய ஜன்னல்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, அதைக் கேட்டால் அந்தக் கட்டடம் பதில் சொல்கிறது. கீழ்த்தளம் சுவரின்றி வெறும் தூண்களாக நிற்பது, கடல்நீர் பொங்கி வந்தால் முட்டாமல் ஊடே ஓடிப்போவதற்கு. படிக்கட்டோடு சாய்தளமும் வைத்தது, முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் தள்ளிக்கொண்டு ஏறுவதற்கு. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்கக் கான்கிரீட். பறந்துபோகத் தகரமோ ஓடோ எங்கும் கிடையாது. ஐ.எஸ். 875 விதியின் 2015 திருத்தம், கடலிலிருந்து 60 கிலோமீட்டர் உள்வரையுள்ள பட்டையில், புயலுக்குப் பின்னும் இயங்க வேண்டிய இத்தகைய கட்டடங்களுக்குக் காற்று வேகத்தை 1.3 மடங்காக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. விசை ஏறத்தாழ 1.7 மடங்காகிவிடும். தூண்கள் ஏன் அவ்வளவு தடிப்பு என்று முகம் சுளித்த மாணவரிடம் இதைச் சொன்னபோது அவர் தூணைக் கையால் அளந்து பார்த்தார். ஒடிசாவில் 1999 பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013-இல் ஃபைலின் வந்தபோது இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. முன்னெச்சரிக்கையும் மக்களை முன்கூட்டியே வெளியேற்றியதும் பெரிய காரணங்கள். வெளியேற்றப்பட்டவர்கள் போய் உட்கார இந்த மாதிரிக் கட்டடங்கள் இருந்தன என்பதும் காரணம்.

சாவி வைத்திருந்த அம்மாள் மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினார். மற்ற நாட்களில் இங்கே தையல் வகுப்பு நடக்கிறது, காதுகுத்தும் நடக்கும். ஃபெங்கல் புயலுக்கு இரண்டு இரவு தங்கினார்களாம். "வீட்டைவிட இங்க நிம்மதியா தூங்கினோம் சார். கக்கூஸுக்குத் தண்ணி ஏத்தத்தான் கரண்ட் இல்ல. பொம்பளைங்க ரொம்பக் கஷ்டப்பட்டோம்" என்றார். கட்டடம் வடிவமைத்த எவரும் அதைப் பயன்படுத்தியவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய வாசகம் அது. மாடியில் தண்ணீர்த் தொட்டி பெரிதாகவே இருந்தது. அதை நிரப்பும் மோட்டாருக்கு மாற்று மின்சாரம் இல்லை. வழிகாட்டி இந்த முறை எழுதிக்கொள்ளவில்லை. அந்த அம்மாளோடு ஓரமாக உட்கார்ந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கே. மரக்காணம் உப்பளங்களுக்கு அருகே தம்பதியின் மனையைப் பார்க்க எல்லோரும் இறங்கினோம். இதுவும் திட்டத்தில் இல்லாதது. உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும் காற்று. பெங்களூரில் வீட்டுக்குள்ளிருக்கும் தளத்துக்குக் கம்பி துருப்பிடிக்காமலிருக்க அதன் மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் போதும் என்கிறது கான்கிரீட்டுக்கான தர விதி ஐ.எஸ். 456, கடலோரத்துக்கு 45, அலைச்சாரல் நேரடியாகப் படும் இடத்துக்கு 50. கான்கிரீட்டின் தரமும் எம் 20-லிருந்து எம் 30-க்கும் எம் 35-க்கும் ஏறவேண்டும். கம்பி கட்டும்போது அடியில் வைக்கிற கவர் பிளாக் என்னும் சின்னக் கட்டி சரியான உயரத்தில் இருக்கிறதா என்று நீங்களே ஸ்கேல் வைத்துப் பாருங்கள், வீட்டுக்குப் பெரிய பெயருள்ள கலைஞரைத் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு, என்றேன். கடலைப் பார்த்த பக்கம் முழுவதும் கண்ணாடி வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட அந்த அம்மையார், கோல்கொண்டேயின் பலகைகளை இப்போது யாராவது செய்து தருவார்களா என்று கேட்டார்.

முட்டுக்காட்டில் தட்சிண சித்ராவோடு பயணம் முடிந்தது. 1996-இல் திறந்த இந்த வளாகத்தின் அமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை இருக்கிறது; தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அரைநாள் தரவேண்டிய இடத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் தந்தார்கள். (செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதைத் தனியாகப் போகிறவர்கள் கவனிக்கவும்.) அங்கிருந்து திருப்பெரும்புதூர், வேலூர், கிருஷ்ணகிரி என்று வந்து அல்சூரில் இறங்கியபோது நள்ளிரவு 12 மணி 40 நிமிடம், கையேடு சொன்னது இரவு ஒன்பது மணி. அந்த நேரத்தில் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்தேன்.

26,500 ரூபாயில் மூன்று இரவுத் தங்கல், காலை உணவு, நுழைவுக் கட்டணங்கள் அடக்கம். மதியமும் இரவும் அவரவர் செலவு. தங்குமிடம் சுத்தம், இருவருக்கு ஓர் அறை. புறப்படும்போது நிறுவன முத்திரையிட்ட மழைச்சட்டை ஒன்று கொடுத்தார்கள். ஜனவரி மாதத்தில் அதைப் பிரிக்க வேண்டிய தேவை வரவில்லை. இதே வழியைச் சொந்த வண்டியில் போனால் பாதிச் செலவில் முடியும், ஆனால் ஆரோவிலில் அந்தப் பெண் காட்டியதில் பாதிகூட நாமாகப் பார்க்க மாட்டோம். கட்டடக் கலை மாணவர்களுக்கும், வீடு கட்டத் திட்டமிடுகிறவர்களுக்கும் போகலாம் என்பேன். கோல்கொண்டேயின் உட்புறத்துக்காக மட்டும் போகிறவர்கள் அனுமதிக் கடிதத்தை முதலில் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். பயணக் குழுவில் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரையும் சேர்த்தால் இதன் தரமே வேறு.

இவற்றையெல்லாம் நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாளே பதில் வந்தது. "கோல்கொண்டே விஜயம்" என்பதை "கோல்கொண்டே, வெளியிலிருந்து" என்று திருத்திவிட்டார்கள். புயல் பாதுகாப்பு மையம் ஒன்றை அடுத்த பயணத்தில் சேர்க்க மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். புதிய கையேட்டையும் இணைத்திருந்தார்கள். 26 பக்கம் ஆகியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஐந்தாவது விதி அப்படியே இருக்கிறது.